அலையை எவ்வளவு விரிப்பது?

(பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் தன்னார்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒலித்தொகுப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எந்த மைக் வாங்கலாம், எந்த அறையில் பதியலாம் என்பதையெல்லாம் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சின்ன விஷயத்தோடு வந்திருக்கிறேன். எடிட்டிங் மென்பொருளில் பூதக்கண்ணாடிப் படம் போட்ட ஒரு பொத்தான் ஓரமாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். ஜூம். அலைவடிவத்தை விரிப்பது, சுருக்குவது.

இதற்கு ஒரு சொற்பொழிவா என்று முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முடிந்து வருகிற பதிவுகளைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் கடைசி எழுத்து பாதியில் அறுந்து கிடக்கிறது. வெட்டி ஒட்டிய இடந்தோறும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ‘பட்டு’ என்று வாசித்தது ‘படு’ என்பதுபோல் கேட்கிறது. குற்றம் யாருடையது? வாசித்தவருடையதா? மைக்குடையதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. வெட்டியவர் எதைத் தேடுகிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமல், திரை எந்த அளவில் நின்றதோ அந்த அளவிலேயே வெட்டியிருக்கிறார். ஒவ்வொரு விரிவும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வேறு கேள்வியை அதனிடம் கேட்டால் கூசாமல் பொய் சொல்லும். இதைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது.

ஒலியைத் திரும்பக் கேட்பதற்கு முன்பே மனிதன் அதைப் படமாகப் பார்த்துவிட்டான் என்றால் நம்புவீர்களா? எடிசன் போனோகிராஃபைச் செய்தது 1877இல். அதற்கு 20 ஆண்டு முன்னால், 1857 மார்ச்சில், பாரிசில் அச்சுத் தொழில் பார்த்த எதுவார்-லியோன் ஸ்காட் த மார்த்தன்வில் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஃபோனாட்டோகிராஃப் என்று பெயர். ஒரு பெரிய குழல். அதன் கடைசியில் ஒரு சவ்வு. சவ்வோடு சேர்ந்து ஆடுகிற ஒரு முள்முடி. விளக்குப் புகையில் கருக்கிய காகிதத்தை உருளையில் சுற்றி, அதைக் கையால் சுழற்ற வேண்டும். குழலுக்குள் பாடினால் சவ்வு அதிரும், முடி கரியைக் கீறிக்கொண்டே போகும், கறுப்புக் காகிதத்தில் வெளிர்கோடாக அலை விழும். அதைத் திரும்பப் பாடவைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கண்ணால் படிக்கத்தான் வரைந்தார்.

1860 ஏப்ரல் 9 அன்று அப்படி ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகள் காகிதத்தில் ஏறின. ஏறியது ஏறியபடியே கிடந்தது. 2008இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சிலர் அந்தக் காகிதத்தின் படத்தைக் கணினியில் ஏற்றி, கோட்டை ஒலியாக மாற்றினார்கள். உலகமெங்கும் செய்தி! 148 ஆண்டுக்கு முந்தைய குரல்! சிறுமியின் குரல் போலிருக்கிறது என்றார்கள், இளம்பெண் என்றார்கள். அடுத்த ஆண்டே உண்மை தெரிந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். பாதி வேகத்தில் ஓட்டினால் அது ஓர் ஆண் மெதுவாகப் பாடுவது. பெரும்பாலும் ஸ்காட்டேதான்.

எங்கே பிசகியது? காலத்தை அளப்பதற்காகக் குரலுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் ஸ்காட் வரைந்து வைத்திருந்தார். அந்தக் கவை நொடிக்கு எத்தனை முறை அதிர்ந்தது என்று எடுத்துக்கொண்டதில்தான் இரண்டு மடங்கு பிசகு. கவனியுங்கள், காகிதத்தில் ஒரு கீறல்கூட மாறவில்லை. அதே கோடு, அதே வளைவு. கிடைவாட்டில் ஓர் அங்குலம் என்பது எவ்வளவு நேரம் என்ற கணக்கு மட்டும் மாறியது. நடுவயது ஆண் சிறுமியாகிவிட்டார்!

உங்கள் திரையிலும் அலைக்கு மேலே ஒரு காலக்கோடு ஓடுகிறது. நிமிடம், நொடி, நொடியின் பின்னம் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு அலையைப் பார்க்கிறீர்கள்? பார்க்காதவருக்கு மூச்சும் ஒன்றுதான், முற்றுப்புள்ளியும் ஒன்றுதான்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு வகுத்தல்தான்.

குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். ஒரு மணி நேரப் பதிவில், ஒற்றைச் சேனலில் மட்டும், 15 கோடியே 87 லட்சத்து 60 ஆயிரம் சாம்பிள்கள் சேர்ந்துவிடும். உங்கள் கணினித் திரையின் அகலம் பொதுவாக 1,920 பிக்சல். ஒரு மணி நேரத்தையும் ஒரே திரைக்குள் அடக்கினால் ஒரு பிக்சலுக்கு எத்தனை சாம்பிள்? ஏறக்குறைய 82,700. நேரத்தில் சொன்னால் 1.875 நொடி. அதற்குள் என்ன பேசலாம்? ‘கண்ணகி மதுரைக்கு வந்தாள்’ என்று ஒரு வாக்கியத்தையே பேசி முடித்துவிடலாம். கண்ணகியும் மதுரையும் வந்ததும் எல்லாம் ஒரு பிக்சல் அகலமுள்ள ஒற்றைக் கோட்டுக்குள்!

அந்தக் கோட்டை மென்பொருள் எப்படி வரைகிறது? 82 ஆயிரம் எண்களில் ஏதோ ஒன்றைப் பொறுக்கி வரைந்தால், நடுவில் கதவு அறைந்த சத்தம் தப்பிப் போய்விடும். சராசரி எடுத்தால்? மேலும் கீழும் ஆடுகிற அலையின் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கச்சேரி நடந்தாலும் கலவரம் நடந்தாலும் திரையில் ஒரு நேர்கோடுதான். ஆகவே அந்தத் துண்டில் மிக மேலே போன எண்ணையும் மிகக் கீழே போன எண்ணையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இழுக்கிறது. அடுத்த துண்டு, அடுத்த கோடு. நீங்கள் அலை என்று நினைத்துப் பார்ப்பது அலையே அல்ல நண்பர்களே, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் 1,920 செங்குத்துக் கோடுகள்.

உங்களில் பலர் ஆடாசிட்டி பயன்படுத்துகிறீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டான்னன்பெர்க்கும் தொடங்கி, 2000இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. பெரிய கோப்பை உள்ளே இழுத்ததும் ஒரு பச்சைப் பட்டை ஊர்ந்து போகுமே, அந்த நேரத்தில் அது என்ன செய்கிறது? ஒவ்வொரு 256 சாம்பிளுக்கும் ஒரு சுருக்கம், ஒவ்வொரு 65,536 சாம்பிளுக்கும் ஒரு சுருக்கம் என்று உச்சத்தையும் தாழ்வையும் சராசரி வலிமையையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் சுருக்கிப் பார்க்கும்போது 15 கோடி எண்களையும் அது புரட்டுவதில்லை. குறித்து வைத்ததைப் பார்த்து வரைந்துவிடுகிறது. அதனால்தான் சக்கரத்தை உருட்டினால் படம் உடனே மாறுகிறது. அதன் அலைவடிவத்தில் வெளியே அடர்நீலமும் உள்ளே வெளிர்நீலமும் பார்த்திருப்பீர்கள். அடர்நீலம் உச்சம். வெளிர்நீலம் சராசரி வலிமை. காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதற்கு உள்ளே இருக்கும் வெளிர்நீலந்தான் நெருக்கமான சாட்சி. ஏனோ யாரும் அதைப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் உச்சத்தின் மேல்தான் கண்.

சரி, இந்த முழு விரிவில் என்ன கேட்கலாம்? கண்ட்ரோலும் எஃப் எழுத்தும் அழுத்தினால் பதிவு முழுவதும் திரைக்குள் அடங்கும். இப்போது அதனிடம் பதிவின் உடல்வாகைக் கேளுங்கள். எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? வாசித்தவர் 40ஆவது நிமிடத்தில் களைத்துக் குரல் தாழ்ந்தாரா? யாரோ இடையில் மைக்கை நகர்த்தினார்களா? பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் ஒரு கச்சேரியை இப்படிப் பாருங்கள். ஆலாபனை மெலிந்து நீண்டு ஓடும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க அடிகள் முள்முள்ளாக நிற்கும். கைதட்டல் சட்டென்று கட்டையாக எழுந்து மெல்லச் சரியும். ஒரு நொடிகூடக் கேட்காமல் பாட்டுகளின் எல்லையை ஏறத்தாழக் குறித்துவிடலாம். ஏறத்தாழத்தான். இந்த விரிவில் வெட்டக் கூடாது. ஒரு பிக்சல் தள்ளினால் ஒரு வாக்கியம் போய்விடும் என்று இப்போதுதானே கணக்குப் போட்டோம்?

முழு விரிவு எதை மறைக்கும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி சொல்கிறேன். அமெரிக்க வரலாற்றையே அசைத்த சாட்சி.

1972 ஜூன் 20 அன்று அதிபர் நிக்சன் தன் தலைமை உதவியாளர் ஹால்டுமனோடு பேசிய பேச்சு வெள்ளை மாளிகை டேப்பில் பதிவாகியிருந்தது. வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் பற்றிய விசாரணையில் அந்த டேப்பைக் கேட்டால் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை. வெறும் இரைச்சல். தொலைபேசியை எடுத்தபோது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அமுக்கி, காலடி மிதியையும் மிதித்துக்கொண்டிருந்துவிட்டேன், ஐந்து நிமிடம் போல இருக்கும் என்றார் நிக்சனின் செயலாளர். தூரத்தில் நின்று பார்த்தால் அந்த இடைவெளி முழுவதும் வெறும் இரைச்சல்தான். யாராவது கை வைத்ததாக எப்படிச் சொல்வது?

நீதிமன்றத்துக்காக 6 நிபுணர்கள் கொண்ட குழு அமர்ந்தது. அவர்கள் இரைச்சலின் அலையை விரித்தார்கள். விரித்துக்கொண்டே போனார்கள். டேப் கருவியில் அழிப்புத் தலை வேலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டேப்பில் ஒரு சிறு தடம் விழும். அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவங்கள் இரைச்சலுக்குள்ளே அங்கங்கே கிடந்தன. டேப்பின் மேல் காந்தத் துகள் கலந்த நீரைத் தடவியும் அதே தடங்களைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே மூச்சில் அழிந்ததல்ல, குறைந்தது ஐந்து முறை யாரோ கையால் பொத்தானை இயக்கி அழித்திருக்கிறார்கள் என்று 1974இல் அறிக்கை கொடுத்தார்கள். அழித்தது யார் என்று அலை சொல்லவில்லை. அதை அலையிடம் கேட்கவும் முடியாது. எத்தனை முறை என்று கேட்டார்கள், அதற்குச் சொன்னது.

அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். அடுத்த ஆண்டே சவுண்ட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இசையை எண்களாகப் பதிந்து, கணினித் திரையில் அலையைப் பார்த்து வெட்டி ஒட்டும் வேலையை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவரானார். இன்றைக்கு நீங்கள் சக்கரத்தை உருட்டுவது அவர்கள் வழியில்தான்.

இனி நம் வேலைக்கு வருவோம். பேச்சை வெட்டுகிறவருக்கு எந்த விரிவு?

என் கணக்கு, திரையில் ஏறக்குறைய 10 நொடி. அப்போது ஒரு பிக்சல் 5 மில்லிநொடி சொச்சம். வாக்கியம் தெரியும், சொற்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம் தெரியும், மூச்சு தெரியும். மூச்சு எப்படி இருக்கும்? கூரான தொடக்கம் இல்லாமல், தாழ்வாக, பஞ்சு வைத்ததுபோல் ஒரு மேடு. அதைக் கண்டதும் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி சிலருக்கு. எல்லா மூச்சையும் எடுத்துவிட்ட வாசிப்பைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். கொசுறாக ஒன்று சொல்கிறேன், மூச்சை வெட்டாதீர்கள், வேண்டுமானால் கொஞ்சம் தாழ்த்துங்கள். மூச்சோடு மனிதர் வாசிப்பதைத்தானே அந்த மாணவர்கள் கேட்க வேண்டும்?

இங்கேதான் தமிழுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். காது கொடுங்கள்.

‘பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் சொல்லுங்கள். பட்டு. இன்னொரு முறை. நடுவில் என்ன நடந்தது? நாக்கு மேலே ஒட்டி நின்றது. நின்ற நேரத்தில் வாயிலிருந்து ஒலியே வரவில்லை. பிறகு ஒரு சிறு வெடிப்போடு ‘டு’ வந்தது. ‘அக்கா’, ‘பத்து’, ‘அப்பா’ எல்லாமே அப்படித்தான். வல்லின ஒற்று இரட்டிக்கிற இடத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் சற்று அதிகமோ மௌனம். திரையில் அது எப்படித் தெரியும்? சொல்லின் நடுவே ஒரு வெறும் பள்ளம். தொல்காப்பியர் ஒற்றுக்கு அரை மாத்திரை கொடுத்தார். அந்த அரை மாத்திரையில் பெரும்பகுதி உங்கள் திரையில் வெற்றிடமாகத்தான் இருக்கும்.

30 நொடியைத் திரையில் அடக்கிவைத்துக்கொண்டு வெட்டுகிறவர் அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறார். இடைவெளி என்று நினைக்கிறார். எடுத்துவிடுகிறார். இன்னும் மோசம், மௌனத்தைத் தானாகச் சுருக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அளவு பார்க்காமல் அதை ஓட்டிவிட்டால் பாடநூல் முழுவதிலும் இரட்டித்த ஒற்றெல்லாம் நொண்டும். பட்டு படுவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தமிழ் தெரியாத மென்பொருளுக்கு மௌனம் என்றால் மௌனம்தான். ஒற்றின் மௌனம் எழுத்தின் பகுதி என்று அதற்கு யார் சொல்வது? நீங்கள்தான். எப்படி? சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் தேர்ந்து, கண்ட்ரோலும் ஈ எழுத்தும் அழுத்துங்கள். தேர்ந்த பகுதி மட்டும் திரை முழுக்க விரியும். பள்ளத்தின் வலக்கரையில் கூரான முள் ஒன்று நின்றால் அது வல்லினத்தின் வெடிப்பு. கை வைக்காதீர்கள். முடித்ததும் கண்ட்ரோல் எஃப், மறுபடி முழுக் காட்சி. கண்ட்ரோலோடு 1 விரிக்கும், 3 சுருக்கும், 2 வழக்கமான அளவுக்குக் கொண்டுவரும். மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விரி, வெட்டு, சுருக்கு, கேள். கை பழகிவிடும்.

அடுத்து, ‘டிக்’. எங்கிருந்து வருகிறது இந்த டிக்?

அலை நடுக்கோட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இன்னோர் அலையோடு ஒட்டினால் ஒலி ஒரு சாம்பிளில் மேலிருந்து கீழே குதிக்கிறது. ஒலிபெருக்கியின் சவ்வு அந்தக் குதிப்பைக் குதித்தே தீர வேண்டும். அதுதான் டிக். 10 நொடி விரிவில் இந்தக் குதிப்பு தெரியுமா? தெரியாது. ஒரு பிக்சலுக்குள் 230 சாம்பிள் அடைந்து கிடக்கும்போது எப்படித் தெரியும்? நூறில் ஒரு பங்கு நொடி திரை முழுவதும் விரியும்வரை போங்கள். இப்போதுதான் முதல்முறையாக உண்மையான அலையைப் பார்க்கிறீர்கள். நடுக்கோட்டை அலை கடக்கும் இடம் தெரியும். அங்கே வெட்டி, அதே திசையில் ஏறுகிற இடத்தோடு ஒட்டினால் டிக் வராது. ஆடாசிட்டியில் இசட் எழுத்தை அழுத்தினால் தேர்வின் இரண்டு கரையையும் அதுவே பூஜ்யக் கடப்புக்கு நகர்த்தும். ஸ்டீரியோவில் இடது சேனல் கடக்கும் இடமும் வலது சேனல் கடக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே சில மில்லிநொடி ஃபேடு கொடுத்து ஒன்றில் ஒன்றைக் கரைப்பதுதான் வழி.

டேப் காலத்தில் இதைச் செய்தார்களா? செய்தார்கள்! ஜூமே இல்லாமல் செய்தார்கள். கால் அங்குல டேப்பை பிளேடால் நேராக வெட்டாமல் 45 பாகைச் சாய்வில் வெட்டினார்கள். டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர். சாய்ந்த வெட்டும் நீளவாட்டில் அதே 6.35 மில்லிமீட்டருக்குப் படரும். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில் அது ஏறக்குறைய 17 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் ஒரு துண்டு மெல்ல மங்க, இன்னொன்று மெல்ல எழும். பிளேடே ஃபேடு போட்டது. அவர்களிடமும் ஒருவகை விரிவு இருந்தது. டேப் வேகமாக ஓடினால் அதே சொல் அதிக நீளத்தில் பரவும், பிளேடுக்கு இடம் கிடைக்கும். ரேடியோ எடிட்டர்கள் சுருளைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறித்தார்கள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னும் விரித்தால்? விரித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அலை உடைந்து புள்ளிகளாகிவிடும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். இதற்குக் கீழே ஒன்றுமில்லை. புள்ளிகளுக்கு நடுவே தெரியும் கோடு பதிவில் இல்லை, மென்பொருள் போட்டது. புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அம்மா புள்ளி வைத்துவிட்டுப் போனால், அக்கா ஒரு கோலமும் தங்கை வேறொரு கோலமும் அதே புள்ளிகளில் போட்டுவிடலாம். இங்கே அப்படி முடியாது. பதியும்போது, சாம்பிள் வேகத்தில் பாதிக்குமேல் அதிர்வெண் எதுவும் நுழையாமல் தடுத்திருந்தால், அந்தப் புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான் என்பது நைக்விஸ்ட், ஷானன் என்ற அறிவியலாளர்களின் காலத்தில் நிறுவப்பட்ட கணிதம். ஆனால் சில மென்பொருள்கள் வரைய எளிது என்று புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்துக் காட்டும். வேறு சில மென்பொருள்கள் வளைத்துக் காட்டும். நேர்கோட்டைப் பார்த்து, ஐயோ ஒலி கோணல்மாணலாக உடைந்திருக்கிறதே என்று கலங்காதீர்கள். இரண்டு புள்ளியும் எல்லைக்குள் இருக்க, நடுவே வளைவு எல்லை தாண்டிப் போவதும் உண்டு. அதனால்தான் ஒலிபரப்பு நிலையங்கள் புள்ளியின் உச்சத்தை நம்பாமல் உண்மை உச்சம் என்று தனியாக அளக்கின்றன.

புள்ளி தெரியும் விரிவில்தான் பென்சில் கருவி வேலை செய்யும். ஒற்றை டிக்கின் முள்ளைப் பிடித்து அக்கம்பக்கப் புள்ளிகளோடு இறக்கிவிடலாம். இது சுகமான வேலை, அதுதான் வம்பு. அரை நிமிடப் பதிவில் அரை நாள் போய்விடும்.

இவ்வளவு நேரம் பக்கவாட்டில் விரித்தோம். மேலும் கீழுமாக விரிப்பது? அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், அதைத்தான் அதிகம் பேர் தொடுவதே இல்லை.

டிராக்கின் இடப்பக்கத்தில் 1 முதல் கழித்தல் 1 வரை ஓர் அளவுகோல் நிற்கிறது. நடுக்கோட்டிலிருந்து உச்சிவரை 100 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்துக்கு 40 டெசிபல் கீழே இருக்கும் ஒலி எவ்வளவு உயரம் இருக்கும்? நூறில் ஒரு பங்கு. ஒரே ஒரு பிக்சல். 60 டெசிபல் கீழே? ஆயிரத்தில் ஒரு பங்கு. திரையில் ஒன்றுமே இல்லை. ஆனால் காது கேட்கும்! அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டினால் தாராளமாகக் கேட்கும். தம்புராவின் கடைசி ரீங்காரம், ‘வந்தாள்’ என்பதில் கடைசி ளகரம் தேய்ந்து மறைவது, அறையின் எதிரொலி எல்லாம் அந்தக் காணாத பகுதியில்தான் இருக்கின்றன. கோடு தட்டையாகிவிட்டது, ஒலி முடிந்துவிட்டது என்று நம்பி வெட்டுகிறீர்கள். வாக்கியத்தின் வால் போய்விட்டது. நான் முதலில் சொன்ன, பாதியில் அறுந்த கடைசி எழுத்து இதுதான்.

என்ன செய்வது? இடப்பக்க அளவுகோலின் மேல் வலது பொத்தானை அழுத்தி விரியுங்கள். அல்லது காட்சியை டெசிபல் அளவுக்கு மாற்றுங்கள். தாழ்ந்த ஒலிகள் எழுந்து நிற்கும். தட்டைக்கோடு என்று நினைத்த இடத்தில் ஓர் உலகமே நடமாடும். இப்போது பக்கவாட்டில் பத்தில் ஒரு பங்கு நொடி திரையில் வரும்படி விரித்தால் இன்னொன்றும் கண்டுபிடிக்கலாம். பேச்சு இல்லாத இடத்தில் ஐந்து சீரான அலை எண்ண முடிகிறதா? ஐந்து அலை பத்தில் ஒரு பங்கு நொடியில் என்றால் நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண். வயர் வழியாக ‘ஹம்’ என்னும் மின் முரலல் ஏறியிருக்கிறது. பத்து அலை என்றாலும் அதே மின்சாரத்தின் வேலைதான். அலை முழுவதும் நடுக்கோட்டைவிட்டுச் சற்று மேலேயோ கீழேயோ மிதந்தால் பெரும்பாலும் ஒலி அட்டையில் கோளாறு. இந்த நோய்களெல்லாம் இரண்டு பக்கமும் சேர்த்து விரித்தால்தான் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. செங்குத்தாக விரித்தால் படம்தான் பெரிதாகும், ஒலி பெரிதாகாது! இதை மறந்து, அலை பெரிதாக நிற்கிறது, சத்தம் போதும் என்று அனுப்பிவிட்டவர்கள் உண்டு. விரித்ததை மறந்து, உச்சி வெட்டுப்பட்டு நிற்கிறதே, கிளிப்பிங் ஆகிவிட்டது என்று நல்ல பதிவைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. கிளிப்பிங்கை எங்கே பார்ப்பது? சாம்பிள் தெரியும் விரிவில். அடுத்தடுத்த பல புள்ளிகள் ஒரே மட்டத்தில் தட்டையாக வரிசை கட்டி நின்றால் அது கிளிப்பிங். தூரத்திலிருந்து செங்கல் கட்டிபோல் தெரிவதெல்லாம் கிளிப்பிங் அல்ல.

நண்பர்களே, இவ்வளவு நேரம் கண்ணைப் பற்றியே பேசினேன். நாம் யாருக்காகப் பதிகிறோம்? பார்க்காமல் கேட்கிறவர்களுக்காக. அவர்களில் பலர் கேட்பதோடு நிற்பதில்லை, தாங்களே எடிட் செய்கிறார்கள். தெரியுமா? மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், இருவரும் பார்வை மாற்றுத்திறனாளிகள், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை உருவாக்கினார்கள். 2006இல் தொடங்கிய வேலை. அதையும் ஆடாசிட்டியையும் சேர்த்து வைத்துக்கொண்டு பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் ஓர் அலையையும் பார்க்காமல் வெட்டுகிறார்கள். பதிவு ஓடும்போதே இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் தேர்வின் தொடக்கம், வலது அடைப்புக்குறியை அழுத்தினால் முடிவு. பிறகு சி எழுத்து. அதை அழுத்தினால் வெட்டுவதற்கு முன்பே, வெட்டினால் எப்படிக் கேட்கும் என்று முன்னே 2 நொடியும் பின்னே 1 நொடியும் ஓட்டிக் காட்டும். சரியில்லையா, கரையைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி சி. கண்ணுள்ள நம்மில் பலருக்கு அந்தச் சி எழுத்து இருப்பதே தெரியாது. அலை அழகாகப் பொருந்திவிட்டது என்று கண் சொன்னதும் காதைக் கேட்காமலே அடுத்த வெட்டுக்குப் போய்விடுகிறோம்.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா என்று கேட்டேன், இந்த அரங்கைத் தந்த நூலகர் சரி என்றார். ஒரு நிமிட வாசிப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் சில இடங்களில் வெட்டி ஒட்டியிருக்கிறது. சில வெட்டு நல்லது, சில வெட்டு கெட்டது. புரொஜெக்டரை நிறுத்திவிடச் சொல்கிறேன், திரையில் எதுவும் தெரியாது. வெட்டு கேட்கிற இடத்தில் கையைத் தூக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தூக்கினார் என்று தூக்கக் கூடாது. கேட்டு முடித்த பிறகு அலையைப் போட்டு, யார் கை எந்த விரிவில் சரி என்று பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, புரொஜெக்டரை நிறுத்திவிட்டுப் பதிவைப் போடுங்கள்.